யார் கணக்கில் விரயம்? – சென்னைத் தண்ணீரும் ‘திறன்’ என்கிற அளவுகோலும்

1

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நம்மிடம் இரண்டு வாதங்கள் எப்போதும் தயாராக இருக்கின்றன. தண்ணீர் விற்பனைப் பொருளல்ல என்பது ஒன்று. ஏரிகளையெல்லாம் நகரம் விழுங்கிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டுமே சரிதான். ஆனால் எதிர்த்தரப்பு இப்போது இந்த இடத்தில் நின்று பேசுவதில்லை. அது எண்களின் மொழிக்கு நகர்ந்து ரொம்ப நாளாகிவிட்டது. ‘இந்த நகரம் தன் தண்ணீரை எவ்வளவு திறமையாகப் பயன்படுத்துகிறது?’ என்று அது கேட்கிறது. கேள்வி நியாயமாகத்தான் தெரிகிறது. தண்ணீர் வீணாகலாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

2016இல் ஆர்காடிஸ் என்கிற பன்னாட்டு ஆலோசனை நிறுவனம் உலகின் 50 நகரங்களைத் தண்ணீர் விஷயத்தில் வரிசைப்படுத்தியது. தாங்குதிறன், பயன்பாட்டுத் திறன், தரம் என்று மூன்று தலைப்புகள், ராட்டர்டாம் முதலிடம். 2018இல் நிதி ஆயோக் வெளியிட்ட நீர் மேலாண்மைக் குறியீட்டு அறிக்கை, சென்னை உட்பட 21 நகரங்களில் 2020க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துவிடும் என்றது. 2020 வந்தது, போனது. அப்படித் தீர்ந்துபோகவில்லை. ஆனால் அதற்குள் அந்த வாக்கியம் நிரூபிக்கப்பட்ட உண்மையைப் போல எல்லோர் வாயிலும் புழங்கியாகிவிட்டது. எண்ணுக்கு உள்ள அதிகாரம் இது. யார் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று எண்ணிடம் யாரும் கேட்பதில்லை.

அளக்கிறதே தப்புன்னு நான் சொல்ல வரல. அளக்காமல் பங்கிட முடியாது. பங்கீட்டுக்காகப் போராடுகிறவனுக்கும் கணக்கு வேண்டும். நான் சொல்ல விரும்புவது இதுதான்: ‘திறன்’ என்கிற அளவை இரண்டு தீர்மானங்களின் மேல் நிற்கிறது. எதற்கு விரயம் என்று பெயர் வைப்பது என்பது முதல் தீர்மானம். கணக்கின் எல்லைக்கோட்டை எங்கே கீறுவது என்பது இரண்டாவது. இரண்டும் பொறியியல் போலத் தோற்றமளிக்கிற அரசியல் தீர்மானங்கள். இவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைச் சொல்லிப் பார்ப்பதுதான் இங்கே என் வேலை.

2

விரயம் அளக்கத்தக்க ஒரு பொருளாக மாறியதில் ஒரு ஊருக்கும் ஓர் ஆண்டுக்கும் முக்கியப் பங்கு உண்டு. ஊர் லிவர்பூல், ஆண்டு 1873. பருத்தியிலும் அடிமை வணிகத்திலும் கொழுத்த துறைமுக நகரம் அது. நாள் முழுக்கத் தண்ணீர் விடக் கட்டுப்படியாகாமல் நேரம் வைத்து விட்டுக்கொண்டிருந்தது. அந்நகரின் பொறியாளர் ஜார்ஜ் டீக்கன் ‘விரய நீர் மீட்டர்’ என்றொரு கருவியைச் செய்தார்.

கருவியின் தர்க்கம் எளிமையானது. ஒரு வட்டாரத்துக்குப் போகும் பெரிய குழாயில் அதைப் பொருத்துகிறார்கள். சுழலும் உருளையில் சுற்றிய தாளில் நீரின் ஓட்டம் கோடாக விழுகிறது. நடுநிசிக்குப் பிறகு ஊர் தூங்குகிறது, குளிப்பதில்லை, துவைப்பதில்லை. அப்போதும் கோடு தாழாமல் இருந்தால் ஓடிக்கொண்டிருப்பது விரயம். ஊழியர்கள் இரவில் தெருத்தெருவாகப் போய் ஒவ்வொரு அடைப்பு வால்வாக மூடி, நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். எந்த நேரத்தில் கோடு சட்டென்று விழுந்தது என்று காலையில் தாளைப் பார்த்தால் ஒழுகுகிற இடம் தெரிந்துவிடும். சிறையின் கண்காணிப்புக் கோபுரத்தைப் பற்றி அவ்வளவு எழுதிய மிஷல் ஃபூக்கோ இந்த மீட்டரைப் பார்த்திருந்தால் ஒரு அத்தியாயமாவது ஒதுக்கியிருப்பார். கதவைத் தட்டாமலே வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற கருவி இது.

இரவு ஓட்டத்தை வைத்துக் கசிவைக் கணக்கிடும் முறை இன்றுவரை உலகெங்கும் பொறியாளர்களிடம் இருக்கிறது. அதற்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். குழாயில் 24 மணி நேரமும் தண்ணீர் இருக்கிற ஊரில்தான் நள்ளிரவு ஓட்டம் விரயமாகும். நம் ஊர்களிலோ குழாயில் காற்று வருகிற நேரம் அதிகம். தண்ணி வருகிற நேரம் விடியற்காலை மூன்று மணியாகக்கூட இருக்கும். அந்த நேரத்தில் ஓடுவது விரயமில்லை. கண்விழித்துக் காத்திருந்த பெண்கள் குடத்தில் பிடிக்கிற தண்ணீர். தூங்குகிற நகரத்தை அளப்பதற்குச் செய்த கருவியைத் தூங்க முடியாத நகரத்தின் மேல் வைத்தால் என்ன தெரியும்?

லிவர்பூல் கதை இன்னும் முடியவில்லை. மீட்டர் வந்தும் நகரத்தின் தாகம் அடங்கவில்லை. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் எந்திரம் வந்தால் மொத்த எரிபொருள் செலவு குறையாது, கூடும் என்று 1865இல் எழுதிய ஜெவான்ஸ் பிறந்ததும் இதே லிவர்பூலில்தான். 1881இல் வேல்ஸின் வர்னுவி ஆற்றில் அந்நகரம் அணை கட்டத் தொடங்கியது. கட்டியவர்களில் முதன்மையானவர் அதே டீக்கன். 1888இல் அணை முடிந்தபோது லான்வுதின் என்கிற கிராமம் தண்ணீருக்கடியில் போனது. ஒரு தேவாலயம், இரண்டு ஜெபக்கூடங்கள், மூன்று மதுக்கடைகள், பத்துப் பண்ணை வீடுகள், 37 குடியிருப்புகள். கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களையும் இடம் மாற்றினார்கள். திரும்பவும் 1965இல் அதே நகரத்துக்காக வேல்ஸின் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் கேப்பல் கெலின் கிராமம் மூழ்கடிக்கப்பட்டது. அதற்கான 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை வேல்ஸின் 36 நாடாளுமன்ற உறுப்பினர்களில் 35 பேர் எதிர்த்தார்கள். சட்டம் நிறைவேறியது. 2005இல் லிவர்பூல் நகரமன்றம் வருத்தம் தெரிவித்தது.

ஒழுகுகிற குழாயைக் கண்டுபிடித்த அதே மனிதர்தான் ஊரை மூழ்கடிக்கும் அணையையும் கட்டினார் என்பதில் முரண் எதுவும் இல்லை. விரய மீட்டரின் எல்லை நகரத்தின் எல்லை. அதற்கு வெளியே இருப்பது ‘நீராதாரம்’. நீராதாரத்தில் மனிதர்கள் குடியிருப்பதில்லை. குடியிருந்தாலும் கணக்கில் வருவதில்லை.

3

சென்னைக்கு வருவோம். 1772இல் வெள்ளையர்கள் இங்கே அமைத்த முதல் தண்ணீர்த் திட்டமான ஏழுகிணறு கோட்டைக்கானது, ஊருக்கானதல்ல. கருப்பர் நகரத்துக்குக் கிணறும் குளமும் போதும் என்று விட்டுவிட்டார்கள். 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரத்தின் தலைகள் 3,97,552 என்று எண்ணப்பட்டன. 1872இல் கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் தாமரைப்பாக்கம் அணைக்கட்டிலிருந்து சோழவரம், செங்குன்றம் ஏரிகள் வழியாகத் திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. தலையெண்ணிக்கையும் குழாய்த் தண்ணீரும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்ததைத் தற்செயல் என்று சொல்லிவிடலாம். ஆனால் இரண்டும் சேர்ந்தபோதுதான் ‘தலைக்கு இவ்வளவு’ என்கிற வகுத்தல் கணக்கு சாத்தியமானது. அதற்கு முன் தண்ணீர் தெருவுக்கு, சாதிக்கு, கோயிலுக்கு, வயலுக்கு என்று இருந்தது. தலைக்கு என்று இருந்ததில்லை.

இந்த வகுத்தல் ஒருவகையில் ஜனநாயகமானது. ‘தலை’ என்று வந்துவிட்டால் எல்லாத் தலையும் ஒன்றுதானே? அதுதான் இல்லை. 1914இல் கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள் அமைத்தபோது, 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு 25 காலன், அதாவது சுமார் 115 லிட்டர் என்று திட்டமிட்டார்கள். 1961 வந்தபோது நகரத்தில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். கணக்கில் வராத அந்தப் பத்து லட்சம் பேர் யார்? பஞ்சத்திலும் கடனிலும் சாதிக் கொடுமையிலும் கிராமத்தை விட்டு வந்து துறைமுகத்திலும் ஆலைகளிலும் கட்டட வேலையிலும் இந்த நகரத்தைக் கட்டியவர்கள் அதில் பெரும்பகுதி. அவர்கள் வந்தது திட்டத்தின் தோல்வியாகப் பதிவானது. ‘மக்கள்தொகைப் பெருக்கம்’ என்று அதற்கொரு பெயரும் கிடைத்தது.

விடுதலைக்குப் பிறகு வந்த விதிமுறையாவது தலைகளைச் சமமாக்கியதா? மத்தியப் பொது சுகாதாரப் பொறியியல் அமைப்பின் 1999 கையேட்டைப் பார்க்கலாம். பாதாளச் சாக்கடை உள்ள பெருநகரவாசிக்கு ஒரு நாளைக்கு 150 லிட்டர். சாக்கடை உள்ள மற்ற நகரவாசிக்கு 135. தெருக்குழாயை நம்பி இருப்பவருக்கு 40. காரணத்தையும் மறைக்கவில்லை: கழிவறையில் தண்ணீர் ஊற்றித் தள்ளாவிட்டால் சாக்கடை ஓடாது. ஆக, மலத்தைத் தள்ளுவதற்கு ஒருவருக்குக் கொடுக்கிற தண்ணீர், குடிக்க, சமைக்க, குளிக்க, துவைக்க இன்னொருவருக்குக் கொடுக்கிற மொத்தத் தண்ணீருக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. 40 லிட்டர் என்பது மூன்று பிளாஸ்டிக் குடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மூன்று தெருக்குழாய்த் தலைகளைச் சேர்த்தாலும் ஒரு மாடிவீட்டுத் தலைக்கு ஈடாகாது. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல என் வாதம். ஏற்றத்தாழ்வு விதிமுறையாக மாறிவிட்டால் அதை நடைமுறைப்படுத்துவதற்குக் கெட்ட எண்ணம் தேவைப்படுவதில்லை.

4

1992 ஜனவரியில் டப்ளினில் கூடிய நீர் மாநாடு, தண்ணீரை ஒரு பொருளாதாரப் பண்டமாக அங்கீகரிக்க வேண்டும் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கணக்கின் மொழி மாறியது. முன்பு பொறியாளர்கள் ‘கணக்கில் வராத நீர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே போகிறது என்று தெரியவில்லை என்கிற ஒப்புதலாவது அந்தச் சொல்லில் இருந்தது. 2000இல் சர்வதேச நீர்ச் சங்கம் வகுத்த தர அட்டவணையோடு ‘வருவாய் ஈட்டாத நீர்’ என்கிற சொல் நிலைபெற்றது. சொல்மாற்றம் சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீரை எண்ணிக்கொண்டிருந்த கணக்கு அங்கேதான் காசை எண்ணுகிற கணக்காக மாறியது.

வருவாய் ஈட்டாத நீரில் என்னவெல்லாம் அடங்கும்? குழாய் ஒழுகிப் போனது, மீட்டர் தவறாகக் காட்டியது, திருடப்பட்டது. இவற்றோடு, அனுமதிக்கப்பட்டு ஆனால் கட்டணம் வசூலிக்கப்படாத நீரும் சேரும். நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008இல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோல்களிலும் இந்த வரையறைதான். பொதுக்குழாயில் கொடுக்கப்படும் தண்ணீர் அதற்கு உதாரணமாகவே சொல்லப்படுகிறது. அந்த ஆவணம் வைத்த இலக்குகள்: வீட்டு இணைப்பு 100 விழுக்காடு, நாள் முழுக்க வினியோகம், தலைக்கு 135 லிட்டர், மீட்டர் 100 விழுக்காடு, செலவு மீட்பு 100 விழுக்காடு, வருவாய் ஈட்டாத நீர் 20 விழுக்காட்டுக்குள்.

இந்த அட்டவணையில் தெருக்குழாயில் பிடிக்கிற பெண் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். எத்தனை வீடுகளுக்குச் சேவை போய்ச் சேர்ந்திருக்கிறது என்கிற கட்டத்தில் அவள் இல்லை. வீட்டுக்குள் இணைப்பு இருந்தால்தான் அங்கே எண்ணுவார்கள். இழப்பு எவ்வளவு என்கிற கட்டத்தில் மட்டும் இருக்கிறாள், உடைந்த குழாய்க்கும் திருட்டு இணைப்புக்கும் பக்கத்தில். அவள் குடிக்கிற தண்ணீர் கணிதரீதியாகக் கசிவு. ஒரு நகராட்சி தன் ‘திறனை’ உயர்த்த இரண்டு வழிகள் இருக்கின்றன. பூமிக்கடியில் நூறு வருஷக் குழாயைத் தோண்டி மாற்றலாம். செலவு அதிகம், தெருவை வெட்ட வேண்டும். தெருக்குழாயை மூடலாம், ஒரு ஸ்பானர் போதும். அட்டவணையில் இரண்டும் ஒரே திசையில்தான் எண்ணை நகர்த்தும்.

புளியந்தோப்புப் பக்கம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மா என்னிடம் சொன்னார்: “எங்க தண்ணிக்கு மீட்டர் இல்லன்னு யாரு சொன்னா? எங்க இடுப்புதான் மீட்டர்.” ஐந்து பேர் குடும்பத்துக்குத் தலைக்கு 40 லிட்டர் என்றால் நாளைக்குப் பதினான்கு குடம். குடத்துக்குப் பதினைந்து கிலோ. லாரிக்கும் தொட்டிக்கும் காத்திருக்கிற நேரம், வேலைக்குப் போகாமல் விட்ட நாள், பள்ளிக்கூடத்துக்குத் தாமதமாகப் போன பெண்குழந்தை. ‘கட்டணம் செலுத்தப்படாத’ தண்ணீருக்குச் செலுத்தப்பட்ட விலை இதெல்லாம். அந்த விலைக்கு அட்டவணையில் கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் இருந்திருந்தால், சென்னைத் தண்ணீரின் ஆகப்பெரிய விரயம் பெண்களின் நேரம் என்று தெரிந்திருக்கும்.

பொதுக்குழாய் என்பதில் உள்ள ‘பொது’ என்கிற சொல்லை நாம் லேசாக விட்டுவிடக் கூடாது. மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிடும் தீர்மானத்தை 1924இல் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது. 1927 மார்ச் 20இல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு போய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபிறகுதான் ‘பொது’ என்பதற்கு அர்த்தம் வந்தது. அன்று பிரச்சினை லிட்டர் அல்ல. ஒரு நீர்நிலை எல்லோருக்கும் உரியது என்கிற கோட்பாடு. தெருக்குழாய் அந்தக் கோட்பாட்டின் நகர்ப்புற வாரிசு. அதில் சாதி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் குழாயில் யார் முதலில் பிடிப்பது என்பதில் எல்லா அழுக்கும் உண்டு. ஆனாலும் காசு கொடுக்காமல், யாரையும் கெஞ்சாமல் உரிமையோடு நிற்கக்கூடிய இடமாக அது இருந்தது. அந்த இடத்துக்கு ‘இழப்பு’ என்று பெயர் வைப்பது வெறும் கணக்கு வழக்கு அல்ல.

5

சரி, நிஜமான கசிவையாவது இழப்பு என்று சொல்லலாமா? அதிலும் சிக்கல் இருக்கிறது.

சென்னையின் வீட்டு இணைப்புகளில் பெரும்பாலானவை நெடுங்காலம் மீட்டர் இல்லாமலே இருந்தன. மீட்டரில்லாத ஊரில் கசிவு என்பது ஒரு ஊகத்திலிருந்து இன்னொரு ஊகத்தைக் கழித்து வருகிற ஊகம். கசிவின் அளவை அறுதியிட முடியாமை மும்பைப் பொறியாளர்களின் அன்றாட வேலையில் எப்படியெல்லாம் இயங்குகிறது என்று நிகில் ஆனந்த் 2017இல் வந்த ‘ஹைட்ராலிக் சிட்டி’ என்கிற நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. குழாயிலிருந்து ஒழுகுகிற தண்ணீர் எங்கே போகிறது? பூமிக்குள். சென்னையில் வீட்டுக்கு வீடு கிணறும் போர்வெல்லும் இருக்கின்றன. 2003–04 வறட்சியில் ஏரிகள் வறண்டு, குழாய்வழி வினியோகம் மாதக்கணக்கில் ஏறத்தாழ நிறுத்தப்பட்டு, நகரம் லாரிகளால் பிழைத்தது. சென்னையின் நீர் இயக்கத்தை ஆராய்ந்து 2010இல் வீணா ஸ்ரீநிவாசனும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை, குழாய்க் கசிவு நகரத்தின் நிலத்தடி நீரை ஊட்டிவந்ததையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. குழாய் நின்றபோது மழையும் இல்லை, கசிவும் இல்லை, கிணறுகளும் வற்றின. வாரியத்தின் ஏட்டில் இழப்பாக எழுதப்பட்டது தெருக்கோடிக் கைப்பம்பில் வரவாக ஏறிக்கொண்டிருந்தது. கசிவு நல்லது என்று இதற்கு அர்த்தமில்லை. ஒழுகுகிற குழாயில் சாக்கடையும் உள்ளே போகும். வாந்திபேதி யார் தெருவில் வருகிறது என்று நமக்குத் தெரியும். யாருடைய ஏட்டில் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து விரயம் வரவாக மாறிவிடுகிறது என்பதே நான் சொல்ல வருவது.

இப்போது நகரத்தின் எல்லைக்கு வெளியே போவோம். 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. உதவியோடு நடந்த ஆய்வுகளின் பேரில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் கிணற்றுப் புலங்கள் அமைக்கப்பட்டன. வடசென்னையின் ஆலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் அங்கிருந்து உறிஞ்சப்பட்டது. நன்னீர் இறங்க, கடல் உள்ளே வந்தது. 1969இல் மீஞ்சூர்ப் பகுதியில் கடற்கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை இருந்த உப்புநீர் 1983இல் சுமார் 9 கிலோமீட்டர் வரை வந்துவிட்டது. 1987இல் சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 2010இல் அதே மீஞ்சூருக்குப் பக்கத்தில், காட்டுப்பள்ளியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. முதலில் நிலத்தடி நீரைக் கடலாக்கினோம்; பிறகு மின்சாரம் செலவழித்துக் கடலைக் குடிநீராக்கினோம். இரண்டாவது வேலைக்குத்தான் திறன் கணக்கு பார்க்கிறார்கள், யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை லிட்டர் என்று. முதல் வேலையின் செலவு மீஞ்சூர் விவசாயியின் உப்பேறிய கிணற்றில் எழுதப்பட்டிருக்கிறது.

வறட்சிக் காலங்களில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பாசனக் கிணறுகளிலிருந்து நகரத்துக்காகத் தண்ணீர் வாங்கப்பட்டது. கிணறு வைத்திருந்தவருக்குப் பயிரைவிட நல்ல வருமானம். அந்த நிலத்தில் நாற்று நட்ட, களை எடுத்த கூலிப் பெண்களுக்கு என்ன கிடைத்தது? கிணறு இல்லாதவர்களுக்கு விற்பதற்குத் தண்ணீரும் இல்லை, வேலையும் போனது. இவர்களில் தலித்துகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சென்னை எத்தனை லிட்டர் பெற்றது என்பது பதிவாகும். எத்தனை கூலிநாள் இழக்கப்பட்டது என்பது எந்த நகரத்தின் கணக்கும் அல்ல. 2004இல் கடலூர் மாவட்டத்து வீராணத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாய் வந்தது. 2019 ஜூனில் நான்கு ஏரிகளும் காய்ந்தபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டரோடு ரயில் வந்தது. ரயிலைப் படம் பிடித்தவர்கள் அநேகம். ஜோலார்பேட்டைச் சுற்றுவட்டாரத்தில் குடத்தோடு நின்றவர்களை யார் படம் பிடித்தார்கள்?

நகரம் தன் மடியிலிருந்ததையும் அழித்தது. மாம்பலத்து நெடிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. இருந்த ஏரியை மனையாக்கி விற்றுவிட்டு, தொலைவிலிருந்து குழாயில் கொண்டுவரும் தண்ணீர் எவ்வளவு குறைவாக ஒழுகுகிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவது என்ன வகைத் திறன்?

6

தோழர்கள் கேட்கலாம்: அப்போ என்னதான் பண்றது? அளவுகோலைத் தூக்கி எறிவதா?

அளவுகோலைக் கைவிட்டால் லாரி முதலாளிக்கும், தெருக்குழாயின் ஓட்டத்தை மோட்டார் போட்டு உறிஞ்சுகிற மாடிவீட்டுக்காரருக்கும்தான் வசதி. கணக்கே இல்லாத இடத்தில் வலியவன் கணக்குதான் செல்லும். கர்நாடகத்தோடும் ஆந்திரத்தோடும் டி.எம்.சி.யில் பேசுகிற நாம், போயஸ் தோட்டத்துக்கும் வியாசர்பாடிக்கும் இடையில் லிட்டரில் பேசத் தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. எனவே கணக்கை விரிக்கச் சொல்வோம். கோட்டை வேறு இடத்தில் கீறச் சொல்வோம்.

சராசரியைக் கேட்க வேண்டாம். நகரத்தில் ஆகக் குறைவாகப் பெறுகிற பத்தில் ஒரு பங்கு மக்களுக்கு எத்தனை லிட்டர், வாரத்தில் எத்தனை நாள், எந்த நேரத்தில் என்று கேட்போம். பொதுக்குழாய் நீரை இழப்புப் பட்டியலிலிருந்து எடுத்து, நிறைவேற்றப்பட்ட கடமை என்கிற தலைப்பில் எழுதச் சொல்வோம். ஒரு குடம் வீடு வந்து சேர ஆகும் நேரத்தையும் சேர்க்கச் சொல்வோம். தண்ணீர் எடுக்கப்படும் ஊரின் கிணற்று மட்டத்தையும் அங்கே போன கூலிநாளையும் நகரத்தின் செலவுக் கணக்கில் வைக்கச் சொல்வோம். தூர்க்கப்பட்ட ஒவ்வொரு ஏரியின் கொள்ளளவையும் நகரம் வாங்கிய கடனாக எழுதச் சொல்வோம். இவை எதுவும் அளக்க முடியாதவை அல்ல. ஒழுகும் குழாயை இரவில் கண்டுபிடிக்க 1873லேயே முடிந்தது. குடத்தோடு காத்திருக்கிற பெண்ணின் நேரத்தை அளப்பதற்கு அதைவிடச் சிக்கலான கருவி தேவையில்லை.

இதையெல்லாம் கணக்கில் சேர்த்தால், உலகப் பட்டியல்களில் மேலே இருக்கும் நகரங்களில் பலவும் கீழே இறங்கக்கூடும். லான்வுதினைக் கணக்கில் சேர்த்தால் டீக்கனின் லிவர்பூல் எந்த இடத்தில் இருந்திருக்கும்? மீஞ்சூரைச் சேர்த்தால் சென்னை எங்கே இருக்கும்? ‘திறமையான நகரம்’ என்று யாராவது அட்டவணையை நீட்டினால், அதன் ஓரத்தில் கீறியிருக்கிற கோட்டைப் பார்த்துவிட்டு, கோட்டுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்கப் பழகுவோம். பட்டியலில் ஏறுவதற்காக ஒரு தெருக்குழாய் மூடப்படுகிற அன்றைக்கு, அங்கே போய் நின்று பேசுவதற்கு நம் கையிலும் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.